சாக்குக்கு ஒரு பெயர்: பிரேசிலின் 1999 கோப்பிப் போட்டி பிறந்த விதம்

எங்கள் மாமா வருடத்துக்கு இரண்டு சாக்கு, மழை ஒழுங்காகப் பெய்த வருடம் என்றால் மூன்று சாக்கு கோப்பி விற்பார். இலங்கை மலையகத்துத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால், பீலிக்கரையிலிருந்து ஓடை வரைக்கும் இறங்குகிற சரிவில் ஐம்பது மரம் இருக்கும். சிவந்த பழத்தையும் பறிப்பார், மஞ்சளையும் பறிப்பார், பச்சையிலும் கொஞ்சம் கூடைக்குள் விழும், ஏனென்றால் இன்றைக்கு விட்டுவைத்தால் நாளைக்குக் குரங்கு முந்திக்கொள்ளும். படங்கில் காயப்போட்டு, மழை வந்தால் அள்ளிக்கொண்டுபோய் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி, பிறகு உரலில் குத்திப் புடைத்து டவுனுக்குக் கொண்டுபோவார். கடைக்காரர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்து, "ஈரம்" என்பார். எப்போதும் ஈரம்தான். அப்புறம் ஒரு விலை சொல்வார். அந்த விலை மாமாவுக்கும், அவருக்கு முன்னால் வந்தவருக்கும், பின்னால் நிற்பவருக்கும் ஒன்றே. மூன்று பேருடைய கோப்பியும் அடுத்த நிமிடம் ஒரே குவியலில் போய் விழும்.

போன வருடம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், கொழும்பில் கோப்பிக் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவனும் அதில் சேர்த்தி, நாமும் ஒரு கோப்பிப் போட்டி வைப்போம் என்று ஆரம்பித்தார்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. முதல் பரிசுக்குக் கேடயமா கிண்ணமா, இரண்டாம் பரிசுக்குப் பிரஷர் குக்கர் கொடுக்கலாமா, பொன்னாடை எத்தனை வேண்டும் என்றெல்லாம் பேச்சு ஓடியது. எந்தச் சங்கத்துக்காரரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிடுவது என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் போயிற்று. உலகத்தில் இப்படியான போட்டிகளில் பேர்போன 'கப் ஒஃப் எக்ஸலன்ஸ்' பிரேசிலில் 1999இல் தொடங்கியது, அது எப்படி வந்தது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போமே என்று நான் வாயைக் கொடுத்தேன். "அப்ப நீங்களே பார்த்து எழுதிக் கொண்டாங்க அண்ணே" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அதுதான் இது.

நான் கண்டுகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமையில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரேசில்காரர்கள் செய்த காரியத்தில் பரிசு ஒரு பொருட்டே இல்லை. ருசி பார்க்கும்போது தோட்டத்தின் பெயரை மறைத்தார்கள், விற்கும்போது அதே பெயரைத் திறந்தார்கள். இந்த இரண்டையும் இந்த வரிசையில் செய்ததுதான் விஷயம். கேடயம், பொன்னாடை எல்லாம் மேலே தூவுகிற கொத்தமல்லி.

மூடைக் கணக்குக் காலம்

1962இலிருந்து சர்வதேசக் கோப்பி உடன்படிக்கை என்று ஒன்று இருந்தது. ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை மூடை அனுப்பலாம் என்று ஒரு பங்கு, கோட்டா, ஒதுக்கப்பட்டது. விலை தரைக்குப் போகாமல் அது தாங்கிப் பிடித்தது. வாங்குகிற நாடான அமெரிக்கா ஏன் இதற்கு ஒத்துக்கொண்டது என்றால், கோப்பி விலை விழுந்தால் லத்தீன் அமெரிக்கா முழுக்கச் செங்கொடி ஏறிவிடும் என்ற பனிப்போர் காலத்துப் பயமும் ஒரு காரணம். விவசாயிக்குக் கெடுதல் இல்லாத ஏற்பாடு என்றுதான் தோன்றும். ஆனால் கேள்வி எப்போதும் எத்தனை மூடை என்பதாகவே இருந்தது, எப்படிப்பட்ட கோப்பி என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. கோட்டா நிரம்பினால் போதும்.

பிரேசிலில் இது இன்னும் இறுக்கம். 1952இல் ஏற்படுத்தப்பட்ட அரசாங்கக் கோப்பி நிறுவனம் ஒன்று இந்த வியாபாரத்தை முழுக்கத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்தது. நல்ல தோட்டத்துக் கோப்பியும் சுமாரான தோட்டத்துக் கோப்பியும் ஒன்றாகக் கலந்து 60 கிலோ மூடைகளில் கப்பலேறும். மூடையில் தோட்டத்தின் பெயர் இருக்காது. வெளிநாட்டில் அதற்கிருந்த பெயர் 'சாந்தோஸ்', அதாவது கப்பல் புறப்பட்ட துறைமுகத்தின் பெயர். நம் டவுன் கடைக் குவியலை ஒரு தேசத்தின் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், அதேதான்.

தரம் பார்க்கும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் பிறகு வந்த மாற்றம் இங்கேதான் பிடிபடும். 300 கிராம் கொட்டையை மேசையில் கொட்டிக் குற்றங்களை எண்ணுவார்கள். முழுக்கக் கறுத்த கொட்டை ஒன்று இருந்தால் ஒரு குற்றம். பூச்சி அரித்தவையும் உடைந்தவையும் இத்தனை சேர்ந்தால் ஒரு குற்றம் என்று ஒரு பட்டியல் உண்டு. குற்றம் குறையக் குறையத் தரம் ஏறும். ருசியும் பார்த்தார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. மென்மை, கடினம், அதற்குக் கீழே 'ரியோ' என்று படிகள் இருந்தன. ரியோ என்றால் ஆஸ்பத்திரி மருந்து வாடை, அயோடின் போல. அந்தப் பட்டியலும் ஏறக்குறைய ஒரு குற்றப்பத்திரிகைதான். ஒரு கோப்பி குற்றவாளி இல்லை என்று அதில் தீர்ப்பு எழுதலாம், கெட்டிக்காரன் என்று எழுத அதில் இடம் கிடையாது.

1989 ஜூலையில் கோட்டா முறை உடைந்தது. தேக்கிவைத்த கோப்பியெல்லாம் சந்தைக்கு வர, விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. அடுத்த வருடம், 1990இல், பிரேசில் அரசாங்கம் அந்தக் கோப்பி நிறுவனத்தையே மூடிவிட்டது. அதுவரை அப்பன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒரே நாளில் தெருவில் விட்டதுபோல ஆனது தோட்டக்காரர்களுக்கு. ஆனால் தங்கள் கோப்பியைத் தாங்களே வெளிநாட்டுக்காரனிடம் பேசி விற்கும் வழியும் அதே நேரத்தில் திறந்தது. 1991இல் கொஞ்சம் தோட்டக்காரர்கள் கூடி, பிரேசில் சிறப்புக் கோப்பிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பழத்தின் தோலை மட்டும் உரித்துவிட்டு, வழுவழுப்பு கொட்டையிலேயே ஒட்டியிருக்க வெயிலில் காயவைக்கும் முறை 1990களில் அங்கே பரவியது. கோப்பியில் இனிப்புத் தெரிய ஆரம்பித்தது.

ஆக, சரக்கு இருந்தது. நம்புவதற்குத்தான் ஆள் இல்லை. அமெரிக்க, ஐரோப்பிய வியாபாரிகள் மனதில் பிரேசில் கோப்பி என்றால் மற்ற நாட்டுக் கோப்பிக்குள் அளவு கூட்டப் போடுவது. கறியில் நாம் உருளைக்கிழங்கு சேர்க்கிற மாதிரி. நுவரெலியாக் கிழங்குக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேசைக்கு வந்தவர்கள்

1997இலிருந்து 2000 வரை ஐந்து நாடுகளில் ஒரு திட்டம் ஓடியது. பிரேசில், எத்தியோப்பியா, உகாண்டா, புருண்டி, பப்புவா நியூகினி. சர்வதேசக் கோப்பி அமைப்பு, சர்வதேச வர்த்தக மையம், பண்டங்களுக்கான பொது நிதியம் என்று மூன்று பெரிய அமைப்புகள் அதன் பின்னால் நின்றன. கேள்வி ஒன்றுதான்: நல்ல கோப்பி செய்கிற விவசாயிக்கு நல்ல விலை வாங்கிக் கொடுக்க முடியுமா? இந்த மாதிரித் திட்டங்களை நாமும் பார்த்திருக்கிறோம், பெரும்பாலும் செயலமர்வு, பகல் சாப்பாடு, பை ஒன்று, பேனா ஒன்று என்று முடியும். இது அப்படி முடியாமல் போனதற்குக் காரணம் அதற்குள் வந்து சேர்ந்த ஆட்கள் என்று நினைக்கிறேன்.

முக்கியமானவர் ஜோர்ஜ் ஹவல். அமெரிக்காவின் பொஸ்டன் பக்கத்தில் 1970களின் நடுவில் 'கொஃபி கனெக்ஷன்' என்ற கடையைத் தொடங்கி, இருபதுக்கு மேற்பட்ட கடைகளாக வளர்த்து, 1994இல் ஸ்டார்பக்ஸ் கம்பனிக்கு விற்றவர். ஃப்ராப்புச்சினோ என்று இன்றைக்கு உலகமெல்லாம் விற்கிற குளிர்பானத்தின் பெயரும் அந்த விற்பனையோடுதான் ஸ்டார்பக்ஸுக்குப் போனது. கோப்பியைக் கரியாக வறுப்பதைக் கண்டால் இவருக்கு ஆகாது. வறுத்த வாடைக்கு அடியில் தோட்டத்தின் ருசி தெரியவேண்டும் என்று நின்றவர். கடைகளை விற்ற பிறகு இந்தத் திட்டத்துக்கு ஆலோசகராக வந்தார். பிரேசில் பக்கம் சங்கத்தைச் சேர்ந்த மார்செலோ வியெய்ரா, ருசி பார்ப்பதில் கைதேர்ந்த சில்வியோ லெய்ட்டே. ஒழுங்குபடுத்தும் வேலையில் சூசி ஸ்பிண்ட்லர், பிறகு பல வருடங்கள் இந்தப் போட்டியின் பொறுப்பை ஏற்று நடத்தியவர் அவர்தான். அமெரிக்கக் கோப்பி வியாபாரத்தில் பழகிய லிண்டா ஸ்மிதர்ஸ், டொன் ஹோலி போன்றவர்களும் உண்டு.

இவர்கள் ஏன் போட்டி என்ற வடிவத்தைப் பிடித்தார்கள்? ஹவலே நாலு தோட்டத்துக்குப் போய், ருசி பார்த்து, "இது அருமை" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கலாமே. ஒரு நிபுணரின் நற்சான்றிதழை வைத்துக்கொண்டு மற்ற வியாபாரிகள் கூடுதல் பணம் கொடுக்கமாட்டார்கள் என்பதுதான் பதில் என்று எனக்குப் படுகிறது. அவர்களே வந்து உட்கார்ந்து, அவர்கள் நாக்கால் பார்த்து, அவர்கள் கையால் மார்க் போட்டால் அது வேறு. தான் நூற்றுக்கு 90 போட்ட கோப்பி ஏலத்துக்கு வரும்போது, அதை அடுத்தவன் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு வியாபாரிக்கு மனம் வராது. வாங்குகிறவனையே நடுவராக உட்கார வைத்ததில் இந்தத் தந்திரம் இருக்கிறது. நம் கூட்டத்தில் நடுவர்களாக யார் யாரையோ சொன்னோம், வாங்குகிற ஒருவனுடைய பெயரும் வரவில்லை.

1999இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் லாவ்ராஸ் என்ற ஊரில் அந்த முதல் போட்டி நடந்தது. அப்போது அதற்குப் பெயர் 'பெஸ்ட் ஒஃப் பிரேசில்'. வெளிநாட்டு நடுவர்கள் வந்து, எண் மட்டும் போட்ட மாதிரிகளை ருசித்து வரிசைப்படுத்தினார்கள். வென்ற கோப்பிகள் இணையத்தில் ஏலம் போயின. 1999இல் இணையம்! எங்கள் பக்கம் அன்றைக்குக் கொழும்புக்கு ஒரு கோல் எடுக்கவே டவுனுக்கு இறங்கவேண்டும். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது, ஆட்கள் கூடி உட்கார்ந்து கூவி எடுப்பதுதான் வழக்கம், அது கணினித் திரைக்குப் போனது 2020இல், அதுவும் கொரோனா பிடித்துத் தள்ளியதால். அந்த அளவுக்கு முன்னால் ஓடியிருக்கிறார்கள். வாங்குகிறவன் பொஸ்டனில் இருந்தாலும் டோக்கியோவில் இருந்தாலும் ஒரே நேரத்தில் விலை கேட்கலாம் என்பதால் இடையில் நிற்கிற ஆளுக்கு வேலை குறைந்தது.

மேசையில் நடப்பது

இதைக் கப்பிங் என்கிறார்கள். மாதிரிகளை ஒரே அளவுக்கு, லேசாக வறுத்து, தூளாக்கிக் கிண்ணங்களில் போட்டு, கொதி அடங்கிய வெந்நீரை நேராக ஊற்றுவார்கள். வடி கிடையாது, பால் கிடையாது, சீனி கிடையாது. நாலு நிமிடம் கழித்து மேலே மிதக்கிற தூளைக் கரண்டியால் உடைத்து, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்து, ஆறவிட்டு, கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, துப்புவார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் உறிஞ்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது, சத்தம்கூட அதேதான். ஒரே மாதிரியிலிருந்து பல கிண்ணங்கள் வைப்பார்கள். ஒரு கெட்டுப்போன கொட்டை ஒரு கிண்ணத்தை மட்டும் கெடுக்கலாம், அது தெரியவேண்டும் என்பதற்காக.

மார்க் போடும் படிவம் ஹவல் வகுத்தது. சுத்தம், இனிப்பு, புளிப்பு, வாயில் தங்கும் கனம், ருசி, விழுங்கிய பிறகு நிற்கும் ருசி, சமநிலை, மொத்த அபிப்பிராயம் என்று எட்டு. ஒவ்வொன்றுக்கும் 8 புள்ளி, எல்லாம் சேர்ந்து 64, அதோடு 36 சேர்த்தால் 100. பழைய குற்றப்பத்திரிகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குற்றம் இங்கேயும் உண்டு, கழிக்கிறார்கள். ஆனால் எட்டுக் கேள்வியும் இந்தக் கோப்பியில் என்ன இருக்கிறது என்று கேட்கின்றன. புளிப்பு என்றால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், புளித்துப்போனது என்று நினைத்து. அவர்கள் தேடுவது தோடம்பழத்தில் இருக்கிற புளிப்பை.

முதலில் உள்நாட்டு நடுவர்கள் சலித்து எடுப்பார்கள், பிறகு வெளிநாட்டு நடுவர்கள். ஒரே கோப்பி பல சுற்று ஏறி இறங்கும். எந்த எண் எந்தத் தோட்டம் என்று மேசையில் நிற்கிற ஒருவருக்கும் தெரியாது, அந்தப் பட்டியல் கணக்காய்வாளர் கையில் இருக்கும். போட்டிக்கு வந்த கோப்பி மூடைகளைக் களஞ்சியத்தில் தனியாகப் பூட்டி வைப்பதுதான் யாரும் கவனிக்காத, ஆனால் மிக முக்கியமான காரியம். மாதிரிக்கு ஒன்றைக் காட்டிவிட்டு விற்கும்போது வேறொன்றைக் கொடுப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம், கடைக்காரர் மட்டுமில்லை, நம் ஆட்களும் சாக்கின் வாயில் நல்ல கொட்டையையும் அடியில் மற்றதையும் போட்டவர்கள்தான், மாமா உட்பட.

இதைக் கொழும்புத் தேயிலை ஏலத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு வித்தியாசம் உறைத்தது. அங்கேயும் ருசி பார்க்கிறார்கள், நூறு வருடத்துக்கு மேலாக, மிக நுணுக்கமாக. ஆனால் பட்டியலில் தோட்டத்தின் மார்க், அதாவது அதன் விற்பனைப் பெயர், முன்னாலேயே இருக்கிறது. பேர்பெற்ற மார்க்குக்கு ஒரு விலை, பேர் இல்லாததற்கு ஒரு விலை, அந்தப் பேரைச் சம்பாதிக்கத் தலைமுறைகள் ஆகும். பிரேசில் போட்டியிலோ யாரும் கேள்விப்படாத ஒருவன் ஒரே வாரத்தில் முன்னுக்கு வரலாம்.

வந்தார்கள். போட்டியும் மற்ற நாடுகளுக்குப் பரவியது. 2001இல் குவாத்தமாலா சேர்ந்தது. பெயர் 'கப் ஒஃப் எக்ஸலன்ஸ்' ஆனது. 2002இல் இதை நடத்துவதற்கென்றே தனியாக ஓர் அமைப்பு. நிகரகுவா, எல் சல்வடோர், ஹொண்டுராஸ், பொலிவியா, கொலம்பியா என்று வரிசையாக. காலத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்: 2001 கடைசியில் நியூயோர்க் சந்தையில் ஓர் இறாத்தல் கோப்பி 50 அமெரிக்கச் சதத்துக்கும் கீழே போனது, மத்திய அமெரிக்காவில் தோட்டங்கள் மூடப்பட்டு ஆட்கள் பசியில் ரோட்டுக்கு வந்த நேரம் அது. 2005இல் பிரேசில் போட்டியில் கார்மோ தே மினாஸ் பகுதியின் சாண்டா இனேஸ் என்ற தோட்டத்துக் கோப்பி இறாத்தல் 49.75 டொலருக்கு ஏலம் போனது. கறிக்குள் போடுகிற கிழங்கு என்று சொன்ன அதே பிரேசில். 2020இல் எத்தியோப்பியாவின் முதல் போட்டியில் வென்ற கோப்பி இறாத்தல் 185.10 டொலர்.

பனாமாவின் கதை தனி, அது இந்த அமைப்புக்குள் இல்லை, அங்குள்ளவர்களே நடத்துகிற போட்டி, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. 2004இல் லா எஸ்மரால்டா என்ற தோட்டக்காரர்கள் தங்கள் மலையை ஒன்றாகக் கலக்காமல் துண்டு துண்டாகப் பிரித்து ருசி பார்த்தபோது, உயரத்தில் ஒரு பகுதியில் நின்ற கெய்ஷா என்ற ரகம் மல்லிகைப்பூ மாதிரி மணந்தது. அது எத்தியோப்பியாவிலிருந்து கொஸ்டாரிக்கா வழியாகப் பல வருடத்துக்கு முன்பே பனாமாவுக்கு வந்த மரம், அத்தனை காலமும் மற்றக் கோப்பியோடு கலந்து போய்க்கொண்டிருந்தது. அந்த வருட ஏலத்தில் இறாத்தல் 21 டொலர். பிரித்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

எனக்குள்ள நெருடல்

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதையும் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். வெல்கிறவர்கள் கொஞ்சப் பேர். ஒரு தோட்டம் போட்டிக்கு அனுப்புகிற சில மூடைகளுக்குத்தான் அந்த விலை, மீதியெல்லாம் பழைய சந்தைக்கே போகிறது. வென்றவரைத் தேடி வாங்குகிறவர்கள் வருகிறார்கள், உண்மை, ஆனால் கீழே இருக்கிற நூறு பேரைத் தேடி யாரும் வருவதில்லை. எது நல்ல ருசி என்பதையும் குடிக்கிற நாட்டு நாக்குகளே முடிவுசெய்கின்றன. நம் வீட்டில் கொத்தமல்லியும் இஞ்சியும் சுக்கும் தட்டிப்போட்டு, காய்ச்சலுக்கும் சாவு வீட்டுக்கும் குடிக்கிற கோப்பிக்கு அந்தப் படிவத்தில் ஒரு புள்ளியும் கிடைக்காது.

பிரேசில் உதாரணம் நமக்கு அப்படியே பொருந்தவும் செய்யாது. அங்கே முதலில் வந்தவர்கள் சொந்தக் காணி, சொந்தக் களம், சொந்தக் கணக்குப் புத்தகம் உள்ள தோட்டக்காரர்கள். ஐம்பது மரக்காரனால் தனியாக ஒரு மூடையைக்கூட நிரப்ப முடியாது. எங்கள் பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்புவது ருவாண்டாவை. 2008இல், ஆபிரிக்காவிலேயே முதலாவதாக அங்கே இந்தப் போட்டி நடந்தது. அங்கே கோப்பி செய்கிறவர்கள் சில நூறு மரம் வைத்திருக்கிற சின்ன விவசாயிகள். பழத்தை ஒரு கழுவும் நிலையத்துக்குக் கொண்டுவருகிறார்கள், அங்கே சேர்ந்துதான் தோல் உரித்து, புளிக்கவைத்து, கழுவி, மேசைத் தட்டிகளில் காயவைக்கிறார்கள். வெல்வதும் பெரும்பாலும் கழுவும் நிலையத்தின் பெயரில். ஒரு பச்சைப் பழத்தை உள்ளே விட்டாலும் எல்லாருக்கும் நட்டம் என்பதால் வாசலிலேயே ஒருவருக்கொருவர் கூடையைக் கிளறிப் பார்த்துக்கொள்கிறார்களாம். நம் ஊரில் இது சண்டையில் முடியுமா இல்லையா என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.

நம் சரிவுக்கு வந்தால்

நம் முன்னோர்கள் இந்த மலைக்கு வந்தது தேயிலைக்காக இல்லை, கோப்பிக்காக. 1820களில் கம்பளைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கோப்பித் தோட்டம் போட்டபோது தொடங்கி, மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் காட்டில் நடந்து, வழியிலேயே செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் வெட்டிய மலைகள் இவை. 1870களின் கடைசியில் இலங்கையில் கோப்பி 275,000 ஏக்கர் அளவுக்கு நின்றது. 1869இல் மடுல்சீமையில், பதுளையிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம்தான், இலைக்கு அடியில் செம்மஞ்சள் பொடி படிந்த ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது வருடத்துக்குள் பெருந்தோட்டக் கோப்பியை அது முடித்துவிட்டது, தேயிலை வந்தது. ஓடைக்கரையிலும் லயத்துப் பின்பக்கத்திலும் தப்பி நின்றவை, பிறகு யாரோ நட்டவை, பறவை விதைத்தவை என்று இன்றைக்கு நாம் பார்க்கிற மரங்கள். மாமாவின் மரங்களிலும் அந்தப் பொடி உண்டு. விரலால் தடவிக் காட்டுவார்.

பெயர் விஷயத்தில் நம் கதை விசித்திரமானது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தொரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று, நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. கொழும்பு ஏலத்துக்குப் போவது முதலாவது. கொழுந்தெடுக்கிற கை எந்தப் பட்டியலிலும் வராது.

பிள்ளைகளிடம் கேடயத்தை ஒத்திப்போடச் சொல்லி, முதலில் ஒரு மேசை போட்டுப் பார்த்தோம். எட்டு வீட்டுக் கோப்பி. கொழும்பிலிருந்து வந்த தம்பி சின்ன வறுக்கும் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு தங்கச்சி கையில் கொப்பியைக் கொடுத்து, எந்த எண் யாருடையது என்று எழுதி யாருக்கும் காட்டாதே என்று சொன்னோம் (கோப்பிக் கணக்குக்குக் கொப்பி, சிரித்துவிட்டுப் போங்கள்). அதில் ஒரு கள்ளத்தனமும் செய்தோம். மாமாவிடமிருந்து வழக்கமான சாக்கில் ஒரு பிடி, அதோடு நாங்களே அவர் மரத்தில் முழுக்கச் சிவந்ததை மட்டும் பறித்து, பரணில் ஏற்றாமல் வெயிலில் மட்டுமே காயவைத்ததில் ஒரு பிடி. இரண்டுக்கும் வெவ்வேறு எண்.

மாமாவும் கரண்டியோடு வரிசையில் நின்றார். துப்ப மாட்டேன் என்று எல்லாவற்றையும் விழுங்கினார். நாலாம் எண்ணுக்கு வந்ததும் முகம் மாறியது.

"இது யாருதுடா? ஒரே பொகை. அடுப்புக்கு மேல போட்டுட்டான் போல."

தங்கச்சி கொப்பியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழாம் எண்ணுக்கு மண்டபத்திலேயே கூடுதல் மார்க், அதற்கு மாமாவும் நிறையப் போட்டிருந்தார். பட்டியலை வாசித்தபோது நாலும் அவருடையது, ஏழும் அவருடையது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "பரணு வேணாம்னு அப்பவே நெனச்சேன்" என்றார், அப்படி அவர் ஒருநாளும் நினைக்கவில்லை என்பது அத்தைக்குத் தெரியும்.

தங்கச்சியின் கொப்பியில் எண்ணுக்கு எதிரே ஆளின் பெயர் மட்டும் இருந்தது. கொழும்புத் தம்பிக்குத் தெரிந்த கடைக்கு ஏழாம் எண் மாதிரியில் இரண்டு கிலோ அனுப்பலாம் என்று முடிவாகி, அவர்கள் கேட்ட விவரத்தை நிரப்ப உட்கார்ந்தோம். ரகம், உயரம், காயவைத்த முறை எல்லாம் எழுதியாயிற்று. 'காணி உரிமையாளர்' என்ற இடத்தில் பேனா நின்றது. மரம் மாமாவுடையது, மண் தோட்டத்துடையது, அவர் தாத்தா காலத்திலிருந்து அந்த லயத்தில் இருந்தும் ஒரு பேர்ச் காணிக்குக்கூடக் கையில் உறுதிப் பத்திரம் இல்லை. கம்பனி பெயரைப் போடு என்றான் ஒருவன், கோயில் பெயரில் போடலாம் என்றான் இன்னொருவன், வெறுமனே விடுவோம் என்றேன் நான். அதற்குக் கீழே 'தோட்டத்தின் பெயர்' என்று இன்னொரு கோடு இருந்தது. மேலே உள்ளதை விட்டுவிட்டு அதில் பீலிக்கரை என்று எழுது என்றார் மாமா. எழுதினோம். இரண்டு கிலோவைப் பொலித்தீன் பையில் கட்டி, இன்னொரு துண்டில் அதே பெயரை எழுதி உள்ளே போட்டு, காலை பஸ்ஸில் கொடுத்தனுப்பினோம். இன்னும் பதில் வரவில்லை. மாமா பரணைப் பிரித்துவிட்டார், அந்தப் பலகையில்தான் இப்போது கோழிக்கூடு இருக்கிறது.